கூண்டு முட்டையா, மேய்ச்சல் முட்டையா?

பெங்களூரு அல்சூர் பகுதி மளிகைக் கடைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். வெள்ளை முட்டை அநேகமாகக் கூண்டுக்கோழி போட்டது. ஏ4 தாளைவிடச் சிறிய இடத்தில், சரிவான கம்பி வலைமேல் நிற்கும். முட்டை தானே உருண்டு முன்தட்டுக்கு வந்துவிடும். சிறகை விரிக்க வழியில்லை, முட்டையிட மறைவிடமும் இல்லை. நடமாட்டம் இல்லாமல், சுண்ணாம்புச் சத்தும் ஓட்டுக்கே போய்விடுவதால் எலும்பு எளிதில் முறியும்.

மேய்ச்சல் கோழி மண்ணைக் கிளறும், புழுதியில் குளிக்கும். குடற்புழு, கீரி, பருந்துத் தொல்லை அதிகம், விலையும் கூடுதல். பழுப்பு ஓட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது கோழி இனத்தின் நிறம். கூண்டிலும் பழுப்பு முட்டை வரும்!

இரண்டுக்கும் பொதுவான கறை: முட்டையினத்து ஆண் குஞ்சுகளைப் பெரும்பாலும் பொரிந்த அன்றே கொன்றுவிடுவார்கள். அது உறுத்தினால், சேவலையும் சேர்த்து வளர்ப்பவர்களிடம் நாட்டுக்கோழி முட்டை வாங்குங்கள்.