வயற்காவல் விளக்குக்கு ஜோய்ஸ்ரிக்: புதிய மலிவுப் பலகையும் பழுதான கைப்பிடியில் கழற்றியதும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டானுக்கு அருகிலுள்ள எங்கள் வயலில், காலபோக நெல் முற்றும் நாட்களில் பன்றியும் சில இரவுகளில் யானையும் இறங்குவதால், காவற்கொட்டிலுக்குள் இருந்தபடியே திருப்பக்கூடிய ஒரு விளக்கைச் செய்து வைத்திருக்கிறேன். (விளக்கைக் கண்டு யானை ஓடிவிடும் என்று நான் நம்பவில்லை, அது எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும்.) கொட்டிலை ஒட்டிய கம்பத்தின் உச்சியில் சொன்ன பாகைக்குத் திரும்பி நிற்கும் இரண்டு சேர்வோ மோட்டார்கள் விளக்கை இடம் வலமாகவும் மேல் கீழாகவும் திருப்புகின்றன. கீழே இருக்கும் பெட்டியில், நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிப் பலகையான ஆடுயினோ ஊனோ ஒன்றும், விரலால் நாலு பக்கமும் தள்ளும் தண்டுள்ள ஒரு ஜோய்ஸ்ரிக்கும் உள்ளன. அந்த ஜோய்ஸ்ரிக்குக்காக, கொழும்பிலிருந்து தபாலில் வரவழைத்த கேவை-023 (KY-023) என்ற மலிவுப் பலகையையும், பழுதான பிளேஸ்ரேசன் 2 விளையாட்டுக் கருவியின் கைப்பிடி ஒன்றிலிருந்து கழற்றியதையும் மாறி மாறிப் பாவித்திருக்கிறேன்.

மலிவுப் பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் 10 கிலோ ஓம் மாறும் தடையிகள் இரண்டும் ஓர் அழுத்து ஆளியும் உண்டு. தண்டின் நிலையை ஆடுயினோ 0 முதல் 1023 வரையான எண்ணாக வாசிப்பதால், கையை விட்டதும் 512 அளவில் நிற்க வேண்டும் என்பது கணக்கு. நான் வாங்கிய மூன்றில் ஒன்றுகூட அப்படி நிற்கவில்லை. அவற்றுள் நல்லது என்று தெரிந்தெடுத்த பலகைகூட, இடப்பக்கம் தள்ளிவிட்டால் 503 இலும் வலப்பக்கம் தள்ளிவிட்டால் 521 இலும் வந்து நின்றது. இன்னொன்றின் மேல் கீழ் அச்சு முதல் நாளே தளர்ந்து ஆடியது. விற்றவரிடம் சொன்னபோது, பாவித்த பொருளை மாற்றித் தர முடியாது என்றார்.

இந்த 18 எண் வித்தியாசம் மேசையில் வைத்துப் பார்க்கும்போது அற்பமாகத்தான் தெரியும். ஆனால் முழு வீச்சையும் சேர்வோவின் 180 பாகைக்கு நேரடியாகப் பொருத்தினால் அது ஏறத்தாழ 3 பாகை ஆகிறது; 100 மீற்றருக்கு அப்பால் இருக்கும் வரம்பில் விளக்கின் வெளிச்சம் 5 மீற்றருக்கு மேல் விலகி விழுகிறது. கை நடுக்கமும் அப்படியே வெளிச்சத்தில் தெரிந்ததால், முதல் போகத்தில் எங்கள் விளக்கு பேய் பிடித்ததுபோல ஆடிக்கொண்டிருந்தது. குறை பலகையில் மட்டுமல்ல, நான் அதைப் பாவித்த முறையிலும் இருந்தது. தண்டின் நிலை விளக்கின் திசையைக் குறிக்காமல், திரும்பும் வேகத்தைக் குறிக்கும்படி நிரலை மாற்றி, 490 இலிருந்து 535 வரை எந்த அசைவும் இல்லை என்று விட்டதன் பின், கையை எடுத்தால் விளக்கு விட்ட இடத்திலேயே நிற்கிறது. நடுவில் உள்ள பிசகு கண்ணில் படுவதே இல்லை.

ஆயினும் மலிவுப் பலகையில் நிரலால் தீராத ஒரு குறை உண்டு. தண்டு முட்டும் இடத்துக்குப் போவதற்கு வெகு முன்னரே வாசிப்பு 1023 ஐ எட்டிவிடுவதால், மெல்லத் திருப்புவதற்கான இடைவெளி மிகவும் குறுகிவிடுகிறது. கழற்றி எடுத்த பழைய ஜோய்ஸ்ரிக் தெளிவாக மேம்பட்டு நிற்பது இங்கேதான்: வாசிப்பு சீராக ஏறுகிறது, சுருளிவில்லும் இறுக்கமாகத் தண்டை நடுவுக்குக் கொண்டுவருகிறது. ஆனால் அதைக் கழற்றுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. இரு தடையிகளுக்கும் மும்மூன்று, ஆளிக்கு நான்கு, சட்டகத்துக்கு நான்கு என 14 கால்கள் பற்றாசில் பிடித்திருக்கும். புதிய பற்றாசு சிறிது சேர்த்து உருக்கி, செப்புப் பின்னலால் உறிஞ்சி எடுத்தால்தான் பலகை கிழியாமல் வரும். கழற்றுவதற்கு முன் தண்டை மெல்ல அசைத்தபடி மல்ரிமீற்றரில் தடையைப் பாருங்கள். எண் இடையில் துள்ளினால் தடையிக்குள் உரசும் கரித்தடம் தேய்ந்துவிட்டது, அதற்காக மினைக்கெட வேண்டாம். கால்களின் இடைவெளி சாதாரண துளைப்பலகைக்குப் பொருந்தாததால் நான் ஒவ்வொரு காலுக்கும் வயர் வைத்தேன்.

வாங்குபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். பலகையில் +5V என்று அச்சிட்டிருப்பதை நம்பி, ஆடுயினோவுக்குப் பதிலாக 3.3 வோல்ட்டில் இயங்கும் ஈஎஸ்பி32 (ESP32) பலகையைப் பாவிப்பவர்கள் 5 வோல்ட் கொடுக்கக் கூடாது. வெறும் தடையிகள்தானே, 3.3 வோல்ட்டில் அவை நன்றாகவே வேலை செய்யும், 5 வோல்ட் போனால் சிப்பின் கால் கெட்டுவிடலாம். அழுத்து ஆளியை வாசிக்கும் காலுக்கு நிரலில் மேலிழு தடையை (INPUT_PULLUP; அழுத்தாதபோது காலை மேல் வோல்ட்டில் பிடித்து வைப்பது) இயக்க மறந்தால், அழுத்தாமலே அழுத்தியதாகக் காட்டக்கூடும்.

தேய்மானத்துக்கு இங்கே பெரிய காரணம் செம்மண் புழுதி. தண்டைச் சுற்றி, பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய றப்பரைப் பாவாடைபோலக் கட்டிவிட்டேன். காந்தத்தால் உணரும் ஹோல் வகையில் உரசும் கரித்தடமே இல்லை. சேகா ட்ரீம்காஸ்ற் என்ற பழைய விளையாட்டுக் கருவியின் கைப்பிடியில் அதுதான் இருந்தது. அப்படி ஒன்று கைக்கு அகப்படும்வரை பெட்டியில் கழற்றி எடுத்ததே இருக்கும். மிஞ்சிய மலிவுப் பலகைகளில் ஒன்றை, நிரல் பழகும் மருமகனுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வேலைக்கு அதைவிட நல்லது தேவையில்லை.