அளந்து வாங்கிய ஃப்ரிட்ஜும் வந்து இறங்கிய ஃப்ரிட்ஜும்

கத்திரி வெயில் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு வேலூரில் ஒரு பெரிய வீட்டு உபயோகப் பொருள் கடையில் ஃப்ரிட்ஜ் வாங்கினேன். ஒரு கணக்கு இன்னும் பாக்கி இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. நல்லதையும் கெட்டதையும் நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் சத்துவாச்சாரியில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். ஆள் வைத்துக்கொள்ளவில்லை. நானே ஊறவைத்து, நானே அரைத்து, நானே பாக்கெட் போடுகிறேன். எங்கள் ஊர் வெயிலைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காலை பத்து மணிக்கு அரைத்த மாவு மதியம் மூன்றுக்கெல்லாம் பொங்கி வழிந்துவிடும். சாயங்காலம் வாங்க வருகிறவர்களுக்குப் புளித்த மாவைக் கொடுக்க முடியாது. பழைய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டிக் கட்டி இடமே இல்லாமல் போனதால்தான் புதிது வாங்கக் கிளம்பினேன்.

கடைக்குப் போகும்போது மாவு டப்பாவையும் பையில் எடுத்துக்கொண்டு போனேன். ஐந்து லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் டப்பா. அங்கே வேலை செய்யும் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும், ஒரு சலிப்பும் இல்லாமல் ஒவ்வொரு ஃப்ரிட்ஜாகத் திறந்து, தட்டை மேலே கீழே மாற்றி, டப்பாவை உள்ளே வைத்துக் காட்டினாள். ஆறாவது ஃப்ரிட்ஜில் இரண்டு டப்பாக்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க இடம் இருந்தது. கிட்டத்தட்ட 300 லிட்டர், டபுள் டோர், ஐஸ் கட்டாத ஃப்ராஸ்ட் ஃப்ரீ, மூன்று ஸ்டார், அரக்கு நிறம். விலை 34,490 ரூபாய். பழைய ஃப்ரிட்ஜுக்கு 1,500 கழித்துக்கொண்டார்கள். "அக்கா, பில்லில் மாடல் நம்பர் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க" என்று அந்தப் பெண்ணேதான் சொன்னாள். பார்த்தேன், சரியாக இருந்தது. இதுவரைக்கும் நடந்ததற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, இருட்டும் நேரத்தில் வண்டி வந்தது. இரண்டு பையன்கள். குறுகலான மாடிப்படியில் ஒரு கீறல் விழாமல் தூக்கி வந்து வைத்தார்கள். பழைய ஃப்ரிட்ஜை இறக்கி வண்டியில் ஏற்றினார்கள். பெட்டியைப் பிரிக்கலாமா என்று கேட்டேன். "வேணாம்க்கா, கம்பெனி ஆள் வந்துதான் பிரிக்கணும், நீங்க பிரிச்சா வாரண்டிக்குப் பிரச்சனை" என்றார்கள். செலானில் கையெழுத்துப் போட்டேன். பெட்டி மேலே ஒட்டியிருந்த மாடல் எண்ணைப் படித்துப் பார்க்கத் தோன்றவில்லை. அதே கம்பெனி, அதே அரக்கு நிறப் படம்.

வியாழக்கிழமை கம்பெனி ஆள் வந்து பிரித்தார். முதல் வேலையாக டப்பாவை வைத்தேன். ஒரு டப்பா நின்றது. இரண்டாவதை வைத்தால் கதவு மூடவில்லை. தட்டை மாற்றிப் பார்த்தேன், ஆகவில்லை. அவர் பில்லை வாங்கி, ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, இது வேற மாடல். நாற்பது லிட்டர் கம்மி, ரெண்டு ஸ்டார்" என்றார். அவர் இன்னொன்றும் சொன்னார், அது எனக்குத் தெரியாதது. பில்லில் ஒரு மாடல், வீட்டில் ஒரு மாடல் இருந்தால் வாரண்டியில் பதிவு செய்ய முடியாதாம். நாளைக்கு கம்ப்ரஸர் போனால் யாரிடம் போய் நிற்பது? கடையில் விசாரித்தபோது அந்தச் சின்ன மாடலின் விலை 27,990 என்று தெரிந்தது. 6,500 ரூபாய் வித்தியாசம்.

குடோனில் தவறு நடப்பது இயல்புதான். ஒரே மாதிரிப் பெட்டிகள், மாடல் எண்ணில் ஓரிரண்டு எழுத்துதான் வேறுபாடு. அதற்காக நான் ஒரு நட்சத்திரத்தைக்கூடக் குறைக்க மாட்டேன். நான் குறைப்பது வெள்ளிக்கிழமை அந்தக் கடையின் மேலாளர் பேசிய பேச்சுக்காக.

முதலில், கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டீர்கள் என்றார். அப்புறம் பெட்டி பிரித்தாகிவிட்டது என்றார். பிரித்தது கம்பெனி ஆள்தான் என்றேன். பில்லைத் திருப்பி, விற்ற பொருள் மாற்றித் தரப்படாது என்ற வரியைக் காட்டினார். சரி, வித்தியாசத் தொகைக்குக் கூப்பன் தருகிறோம், மிக்ஸி கிக்ஸி ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு மிக்ஸி வேண்டாம், பணம் கொடுத்த ஃப்ரிட்ஜ்தான் வேண்டும் என்றேன். அப்படியானால் ஏற்று இறக்கு கூலி 800 ரூபாய் நீங்கள் கட்ட வேண்டும் என்றார். கடைசியில், "நீங்க மாவு வியாபாரத்துக்கு வாங்கியிருக்கீங்க மேடம், கன்ஸ்யூமர் கோர்ட்ல கேஸே நிக்காது" என்றார். நான் கோர்ட் என்ற வார்த்தையையே அதுவரை சொல்லவில்லை.

பஸ் ஏறி வீட்டுக்கு வரும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. 33 ஆயிரம் ரூபாய் எனக்கு எத்தனை மாதச் சேமிப்பு என்பது எனக்குத்தான் தெரியும்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறார். என்னிடம்தான் மாவு வாங்குவார். ராத்திரி அவர் வீட்டுக்குப் பில்லை எடுத்துக்கொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஃப்ரிட்ஜை ஆன் பண்ணிட்டியாம்மா?" இல்லை என்றேன். "பண்ணாதே. உன்னுது மாதிரி பயன்படுத்தவும் கூடாது, வேணாம்னு சொல்லாம நாளைக் கடத்தவும் கூடாது. ரெண்டுல எதைச் செஞ்சாலும் நீ ஏத்துக்கிட்டதா அவங்க சொல்லலாம்" என்றார்.

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பொருளை இன்னது என்று விவரம் சொல்லி விற்றால், கொடுக்கிற பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும், அது 15ஆம் பிரிவு. பிரித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்கியவர் பொருளை ஏற்றுக்கொண்டதாக ஆகாது, அது 41. மூடிய பெட்டிக்குப் போட்ட கையெழுத்து, பெட்டி வந்து சேர்ந்தது என்பதற்குத்தானே தவிர உள்ளே இருப்பது சரியானது என்பதற்கு அல்ல. எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது 43ஆம் பிரிவு. ஏற்க மறுக்கும் உரிமை உள்ளவர் அப்படி மறுத்தால், பொருளைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. வேண்டாம் என்று தெரிவித்தால் போதும். கேட்ட 800 ரூபாய்க்கு அதுதான் பதில்.

மாவு வியாபாரம் என்ற பேச்சுக்கும் பதில் இருந்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்குகிறவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டத்தின் விளக்கம் சொல்கிறது. தையல் மெஷின் வாங்கும் அக்காவுக்கும், இஸ்திரிப் பெட்டி வாங்கும் அண்ணனுக்கும் இது பொருந்தும். இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல் வீட்டுத் தொழில் செய்கிறவர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம்மை மிரட்ட இதைத்தான் சொல்வார்கள்.

சனிக்கிழமை காலை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். தமிழிலேயே பேசினார்கள். பில் விவரம் கேட்டுப் புகார் எண் கொடுத்தார்கள். அவர்கள் நீதிமன்றம் இல்லை, கடைக்கும் நமக்கும் நடுவே பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் புகார் எண் பின்னால் கையில் ஒரு சான்றாக நிற்கும். அன்றைக்கே வெள்ளைத்தாளில் கையால் கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன். பில்லில் உள்ள மாடல் எண், வந்த மாடல் எண், வந்த தேதி, பிரித்த தேதி, இந்தப் பொருளை நான் ஏற்கவில்லை, உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு சரியான மாடலைத் தாருங்கள், பதினைந்து நாள் அவகாசம். அண்ணன் சொல்லச் சொல்ல எழுதியது, ஒரு பக்கம்கூட வரவில்லை. இரண்டு ஸ்டிக்கர்களின் போட்டோவையும் பில் நகலையும் கூட வைத்தேன்.

அதற்குப் பிறகான நாட்களை நினைத்தால் இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது. பழைய ஃப்ரிட்ஜ் போய்விட்டது. புது ஃப்ரிட்ஜ் தெர்மாகோலோடு சமையலறையில் நிற்கிறது, அதைத் தொடக்கூடாது. கத்திரி தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு ஆயா தன் ஃப்ரிட்ஜில் ஒரு டப்பாவுக்கு இடம் கொடுத்தார், அதற்கு மேல் அவரிடம் கேட்க முடியாது. காலையில் கொஞ்சம், மதியம் கொஞ்சம் என்று இரண்டு தடவை அரைத்தேன். இரண்டு நாள் மாவு மொத்தமும் புளித்துப்போய்க் கொட்டினேன். சாயங்காலம் வந்து ஏமாந்து திரும்பியவர்களில் நான்கு வீட்டுக்காரர்கள் வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். நோட்டில் எழுதிய கணக்குப்படி நஷ்டம் 2,400 ரூபாய்.

செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து போன் வந்தது, குரலில் மரியாதை கூடியிருந்தது. சனிக்கிழமை, அதாவது பதினோராம் நாள், அதே இரண்டு பையன்கள் சரியான ஃப்ரிட்ஜோடு வந்தார்கள். கூலி கேட்கவில்லை. இந்தத் தடவை பெட்டி படியேறுவதற்கு முன்பே, வண்டியிலேயே மாடல் எண்ணைப் பில்லோடு வைத்துப் பார்த்தேன். அவர்கள் நீட்டிய தாளில் "எனக்கு எந்தக் குறையும் இல்லை" என்று அச்சடித்திருந்தது. அதை அடித்துவிட்டு, இன்ன மாடல் மூடிய பெட்டியாகப் பெற்றுக்கொண்டேன், நஷ்டம் குறித்த கோரிக்கை நிலுவையில் உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "அக்கா, அன்னிக்கு நாங்க பாத்திருக்கணும்" என்றான் சின்னவன். அவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை, டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

ஃப்ரிட்ஜைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு டப்பாக்களும் நிற்கின்றன. ஐஸ் கட்டவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கும் மாவு காலையில் அரைத்த மாதிரியே இருக்கிறது. உப்புத் தண்ணீர்க் கறை படிந்த டப்பாவை வைத்தால் தட்டில் வெள்ளையாக வட்டம் விழுகிறது, துடைத்தால் போய்விடுகிறது. இந்த மாடலைத் தாராளமாக வாங்கலாம்.

2,400 ரூபாயைத் தர முடியாது என்று மேலாளர் போனிலேயே சொல்லிவிட்டார். அதனால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம் என்பதால், லீவுக்கு வரும் அக்கா மகனை உட்கார வைத்துச் செய்யப் போகிறேன். குடியாத்தத்தில் இருக்கும் தம்பி, இதுக்குத்தான் ஆன்லைனில் வாங்கச் சொன்னேன் என்கிறான். ஆன்லைன் விற்பனைக்கு 2020இல் தனி விதிகள் வந்திருக்கின்றன, விளம்பரப்படுத்திய தன்மையோடு பொருள் ஒத்துப்போகவில்லை என்றால் விற்றவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஆனால் ஆன்லைனில் என் டப்பாவை வைத்துப் பார்க்க முடியாதே.

பில், செலான் நகல், போஸ்ட் ஆபீஸ் ரசீது, புகார் எண், நஷ்டக் கணக்கு நோட்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசி டிரம் மேல் வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் கிரைண்டர் மாற்ற வேண்டும். அந்தக் கடைக்கு இனிப் போக மாட்டேன். அந்தப் பெண் வேறு கடைக்கு வேலை மாறினால், அங்கே போய் அவளிடம்தான் வாங்குவேன்.