தட்டட்டியில் மறுபடியும் ஆண்டெனா: பழைய ஏடிஎம் ரவுட்டருக்கு 4ஜி கார்டு போட்ட கதை

மாதம் பிறந்து 20-ஆம் தேதி நெருங்கினால் எனக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பிக்கும். வீட்டில் இருந்தபடியே பதினொரு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஜிஎஸ்டி வரிக்கு 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி என்று இரண்டு படிவம் ஏற்ற வேண்டும். அன்றைக்கென்று பார்த்துத்தான் தெருவில் வாழைத்தார் லாரி வரும், கேபிள்காரர் இழுத்த ஃபைபர் வயர் அதில் மாட்டி அறும். தார் அடுக்குகிற உயரமும் வயர் தொங்குகிற உயரமும் ஒன்று என்று நான் அவரிடம் சொல்லாத நாள் இல்லை. போன வருஷம் நாலு தடவை அறுந்தது. ஒரு தடவை ஒட்ட வருவதற்கு மூன்று நாள். நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீஸ், போதாததற்குக் கடைக்காரர்களிடம் பேச்சு.

போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் களக்காட்டுக்கும் திருக்குறுங்குடிக்கும் நடுவில். மேற்கே மலை, புலிகள் காப்பகம். அந்தப் பக்கம் டவர் என்ற பேச்சே இல்லை. கிழக்கே மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு டவர் இருக்கிறது, நடுவில் தென்னந்தோப்பு. தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மூலையில் நின்றால்தான் போனில் இரண்டு கோடு. ஓடிபி வரும்போதெல்லாம் படியேறி ஓடி என் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

அதனால் ஃபைபர் அறுந்தாலும் ஓடுகிற மாதிரி ஒரு 4ஜி ரவுட்டர் வேண்டும், ஆண்டெனா தட்டட்டியில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சிம் போடுகிற சாதாரண ரவுட்டர் நிறைய விற்கிறது, ஆனால் பலவற்றில் ஆண்டெனா உள்ளேயே ஒட்டியிருக்கும், வெளியே இழுக்க வழி இல்லை. மைனி மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவன் சென்னை ரிச்சி தெருவில் இருந்து ஒரு தகரப் பெட்டி வாங்கி வந்தான், 1,600 ரூபாய். ஏதோ ஏடிஎம்மில் இருந்து கழற்றின ரவுட்டர். உள்ளே 3ஜி கார்டு. இன்றைக்கு அந்தக் கார்டு காகிதத்துக்கு மேல் வைக்கிற கல்லுக்குச் சமம். ஆனால் அதைக் கழற்றிவிட்டு வேறு கார்டு போடலாம், அதுதான் விஷயம்.

இப்படி வாங்குகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கார்டு உட்காருகிற இடத்துக்கு மினி பிசிஐஇ என்று பெயர். பார்வைக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் 4ஜி கார்டு அந்த இடத்தில் இருக்கிற யுஎஸ்பி கம்பிகளைப் பிடித்துத்தான் பேசும். வைஃபை கார்டுக்காக மட்டும் வைத்த இடமாக இருந்தால் யுஎஸ்பி இணைப்பு இருக்காது, சிம் தட்டும் அதோடு சேர்ந்திருக்காது. கார்டு அழகாக உட்காரும், ஒன்றும் நடக்காது. பழைய 3ஜி கார்டு இருந்த பெட்டி என்றால் அந்தக் கவலை இல்லை.

கார்டு குவெக்டெல் ஈசி25. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளம், 51 மில்லிமீட்டருக்கு 30. இதில் நாட்டுக்கு ஒரு ரகம் உண்டு, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நான் கேட்டது 'ஈ' ரகம். ஆன்லைனில் ஒருவர் அனுப்பியது 'ஏ' ரகம், அமெரிக்காவுக்கு ஆனது. 2, 4, 12 என்று மூன்றே 4ஜி பேண்டு, அதாவது அலைவரிசைதான் அதற்குத் தெரியும். நம் ஊர் 4ஜியில் எவரும் அந்த மூன்றில் ஓட்டுவதில்லை. சிம்மைப் படித்தது, ஐஎம்இஐ நம்பர் சொன்னது, நெட்வொர்க் மட்டும் தேடிக்கொண்டே இருந்தது. சமர்த்தாகப் பேசுகிற பிள்ளை, போக வேண்டிய ஊர்தான் தெரியவில்லை. திருப்பி அனுப்பி 'ஈ' வாங்கப் பத்து நாள் போனது. 'ஈ' ரகத்தில் 3, 5, 40 மூன்றும் உண்டு, 1-ம் 8-ம் உண்டு. நமக்குத் தேவையானது பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது 28-ஆம் பேண்டு கிடையாது. பிஎஸ்என்எல் 4ஜிக்கு என்று வாங்குகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். விலை 2,900.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. சாய்வாகச் செருகி, கீழே அமுக்கி, இரண்டு ஸ்க்ரூ. கை நடுங்குவது அதற்கப்புறம்தான். கார்டின் மேல் மூன்று பொட்டு இருக்கும்: மெயின், டைவர்சிட்டி, ஜிபிஎஸ். ஒவ்வொன்றும் உளுந்தம்பருப்பில் பாதி. ஆண்டெனா வயரின் நுனியில் இருக்கிற குட்டித் தொப்பியை அதன் மேல் நேராக வைத்துக் கட்டைவிரல் நகத்தால் அமுக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம். சத்தம் வரவில்லை என்றால் உட்காரவில்லை என்று அர்த்தம். சாய்த்து அமுக்கினால் நசுங்கிவிடும். இதன் ஆயுள் முப்பது தடவை கழற்றி மாட்டுவதுதான், அதனால் விளையாட்டுக்குக்கூடக் கழற்றாதீர்கள். நல்ல வயரை மெயினில் போடுங்கள். சிக்னலை வாங்குவதற்குத்தான் இரண்டு ஆண்டெனாவும், அனுப்புவது மெயின் வழியாக மட்டும்.

அப்புறம் பெட்டியோடு வந்த குச்சி ஆண்டெனாக்களைத் திருகினோம். ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளை அவன் முந்தின நாளே ஏற்றி வைத்திருந்தான். ஏபிஎன், அதாவது சிம் கம்பெனியின் நெட் வாசலுக்கான பெயர், போட்டதும் நெட் வந்தது, ஆனால் ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 119. சிக்னலின் பலத்தைச் சொல்கிற கணக்கு அது. மைனஸ் என்பதால் அதற்குப் பின்னால் இருக்கிற எண் சிறியதானால் நல்லது. 80 என்றால் ராஜ வாழ்க்கை, 100 என்றால் ஓட்டலாம், 120-ஐத் தொட்டால் மூச்சு நின்றுவிடும். குச்சியை எந்தப் பக்கம் திருப்பினாலும் 119-தான். கழற்றி வைத்துப் பார்த்தேன், அப்போதும் 119! ஆண்டெனா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்று என்றால் அது தொடவே இல்லை என்றுதானே அர்த்தம்.

டார்ச் அடித்துப் பார்த்தால் விஷயம் புரிந்தது. பெட்டியின் வாய்க்கு நடுவில் ஒரு ஓட்டை. குச்சியின் நடுவிலும் ஊசி இல்லை, ஓட்டைதான். மரை மட்டும் அருமையாக ஏறும், உள்ளே ஓட்டையும் ஓட்டையும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும். வைஃபை ஆண்டெனாவின் கனெக்டருக்கு ஆர்பி-எஸ்எம்ஏ என்று பெயர், 4ஜி ஆண்டெனாவுடையது வெறும் எஸ்எம்ஏ. பழைய பெட்டியை விற்றவர் கையில் கிடைத்த வைஃபை குச்சியை எடுத்துப் போட்டுவிட்டார். ஒரு சாயங்காலம் முழுக்க இதில் போனது. நடுவில் ஊசி இருக்கிற குச்சி வந்ததும் வீட்டுக்குள்ளேயே மைனஸ் 113.

அடுத்து பெரிய ஆண்டெனா. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் முதலில் போன கடையில் இருந்த தம்பி, "யக்கா, அதெல்லாம் எதுக்கு? பூஸ்டர் ஒண்ணு இருக்கு, மாட்டினா தெருவுக்கே சிக்னல் வரும்" என்றான். தெருவுக்கு வரும், அப்புறம் நோட்டீஸும் வரும். லைசென்ஸ் இல்லாமல் அந்த பூஸ்டரை விற்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்று தொலைத்தொடர்புத் துறை எத்தனையோ தடவை சொல்லிவிட்டது. மற்றவர்களின் போனையும் அது கெடுக்கும். நாம் வைக்கிற ஆண்டெனா வெறும் அலுமினியக் கம்பி, கரண்ட் கிடையாது, வருவதைக் குவித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். பாளையங்கோட்டையில் இன்னொரு கடை அண்ணாச்சிக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. லாக் பீரியாடிக் என்று மீன் முள் மாதிரி இருக்கிற ஆண்டெனா ஒரு ஜோடி, 2,200 ரூபாய். "ரெண்டையும் ஒரே மாதிரி நிறுத்தாதீங்கம்மா, ஒண்ணு இடது சாய்வு, ஒண்ணு வலது சாய்வு, பெருக்கல் குறி மாதிரி" என்று கையைக் குறுக்கே வைத்துக் காட்டினார். டவரிலும் அப்படிச் சாய்த்துத்தான் அனுப்புகிறார்களாம். கனெக்டரைக் கண்ணெதிரே கிரிம்ப் பண்ணி, மீட்டர் வைத்துச் சோதித்துத் தந்தார். அந்தக் கடைக்கு ஐந்துக்கு ஐந்து.

கம்பம் வாங்கவில்லை. மாமனார் காலத்து ஜிஐ பைப் தட்டட்டியில் அப்படியே நின்றது. என் மாமியார் உவரிப் பக்கம் பிறந்தவர். அங்கே ஒரு காலத்தில் ஆண்டெனாவைக் கடலைப் பார்த்துத் திருப்பினால் இலங்கை ரூபவாஹினி டிவி தெரியும். இங்கே வந்த பிறகு மலையடிவாரத்தில் அது எடுக்குமா என்று மாமனாரைப் பைப் நட வைத்தவரே அவர்தான். எடுக்கவில்லை என்பது வேறு கதை. இப்போது மைனி மகன் மேலே நின்று அதே பைப்பைத் திருப்ப, நான் கீழே லேப்டாப்பைப் பார்த்துக் கத்த, மாமியாருக்கு ஒரே குஷி.

"அத்தை, எவ்வளவு?"

"நூத்தி ரெண்டு!"

"இப்போ?"

"இருல, நம்பர் மாறட்டும்!"

பத்து விநாடி பொறுக்க வேண்டும். திருப்பின உடனே எண் மாறாது. அவசரப்பட்டுத் திருப்பிக்கொண்டே போனால் நல்ல இடத்தைத் தாண்டிவிடுவோம், நாங்கள் இரண்டு தடவை தாண்டினோம். கடைசியில் தென்னை இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து கிடைத்தது. மைனஸ் 92.

இங்கேதான் நான் செய்த பெரிய தப்பு. ரவுட்டர் கீழே என் மேஜையில், ஆண்டெனா மேலே, நடுவில் பத்து மீட்டர் வயர். மலிவு என்று ஆர்ஜி58 ரக வயர் வாங்கியிருந்தேன். 1800 மெகாஹெர்ட்ஸில் அது சிக்னலில் மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபல் தின்னும். மூன்று டெசிபல் போனால் பாதி போச்சு. அப்படியானால் பத்து மீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் கீழே வந்து சேருகிறது. பால்காரர் தண்ணீர் கலந்தால் சண்டைக்குப் போகிற நான், காசு கொடுத்து இதைச் செய்திருக்கிறேன். ரவுட்டரைத் தூக்கி மாடிப்படி அறையில் வைத்து, வயரை மூன்று மீட்டராக வெட்டி, அங்கிருந்து கீழே சாதாரண நெட்வொர்க் கேபிள் இறக்கினோம். மைனஸ் 86. செலவு ஒரு புது கனெக்டர்தான். நெட்வொர்க் கேபிளுக்கு நூறு மீட்டர் வரை கவலை இல்லை, ஆண்டெனா வயருக்கு ஒவ்வொரு மீட்டரும் கவலை. இன்னும் விலை கூடின கார்டு வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்: அந்தக் காசை வயரில் போடுங்கள்.

வேகம்: பகலில் 25 முதல் 30 எம்பிபிஎஸ். டேலி கணக்கு மென்பொருளைக் கோவையில் இருக்கிற சர்வரோடு சேர்த்து ஓட்ட இது தாராளம். தட்டட்டி மூலையில் என் போன் சில சமயம் இதைவிட அதிகம் காட்டும். போன் இரண்டு மூன்று அலைவரிசையைச் சேர்த்து வாங்கும், இந்தக் கார்டுக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான். 5-ஆம் பேண்டு எங்கள் வீட்டில் பலமாகத் தெரியும் ஆனால் மெதுவாக ஓடும். 40 வேகம், ஆனால் தென்னை ஓலை மழையில் நனைந்தால் காணாமல் போகும். கார்டை 3-இல் பூட்டி வைத்துவிட்டோம்.

சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா வந்த மூன்று நாளும் மைனஸ் 86 மாறவில்லை, வேகம் மட்டும் 3 எம்பிபிஎஸ். சென்னை, மும்பையில் இருந்து வந்த அத்தனை பேரும் சாமியாட்டத்தை ஒரே டவர் வழியாக நேரலை விட்டால் ஆண்டெனா என்ன செய்யும்?

இன்னொரு தொல்லையும் வந்தது. பெரிய ஃபைல் மேலே ஏற்றும்போதெல்லாம் கார்டு செத்துச் செத்துப் பிழைத்தது. கார்டைத்தான் சந்தேகப்பட்டேன், தப்பு அடாப்டரில். ரவுட்டரோடு வந்தது 12 வோல்ட், 1 ஆம்ப். அனுப்பும்போது கார்டு குபீரென்று கரண்ட் இழுக்கும், பழைய அடாப்டருக்குத் தாங்கவில்லை. 2 ஆம்ப் வாங்கிப் போட்டதும் சரியாகிவிட்டது.

தட்டட்டி வேலையில் இரண்டு விஷயம். வயர் சுவருக்குள் நுழைகிற இடத்தில் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஜாயிண்டில் தண்ணீர் புகாத ரப்பர் டேப், அதற்கு மேல் சைக்கிள் ட்யூப் துண்டு. பைப்புக்கு எர்த் போட்டாயிற்று, இருந்தாலும் ஐப்பசியில் இடி கேட்டால் வயரைக் கழற்றி வெளியே போட்டுவிடுகிறேன். ஆடிக் காற்றுக்கு ஒரு கிளாம்ப் போதாது. முதல் காற்றிலேயே ஆண்டெனா மலையைப் பார்த்துத் திரும்பி நின்றது. இப்போது மூன்று கிளாம்ப், பைப்பில் பெயிண்டால் ஒரு கோடு. திரும்பினால் கோட்டுக்குக் கொண்டுவந்தால் போதும்.

தோட்டத்து மோட்டார் ரூமில் கேமரா வைத்து இதில் சேர்க்க வேண்டும் என்று வீட்டுக்காரர் நிற்கிறார். மொபைல் சிம்மில் நமக்கென்று தனி ஐபி முகவரி தருவதில்லை, பழைய டிவிஆர் மாதிரி போர்ட் திறந்து வெளியில் இருந்து பார்க்க முடியாது. ஆப் வழியாகப் பார்க்கிற கேமராதான் வாங்க வேண்டும். அது அவர் செலவு.

என் செலவு: ரவுட்டர் 1,600, கார்டு 2,900, ஆண்டெனா 2,200, வயரும் கனெக்டர்களும் 740, அடாப்டர் 350, டேப், கிளாம்ப் 190, எர்த்துக்குச் செம்புக் கம்பி 600. ஆக 8,580 ரூபாய். மைனி மகனுக்கு மூன்று நாள் வாங்கித் தந்த பரோட்டா இதில் சேரவில்லை. அதற்கு பில் இல்லை.