சோனி ஐபோ இஆர்எஸ்-1000: வாங்கும் முன் கணக்குப் பாருங்கள்

2018 ஜனவரியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது இந்த ரோபோ நாயின் விலை 1,98,000 யென், வரி தனி. செலவு அதோடு நிற்கவில்லை. மூன்று ஆண்டுச் சந்தாவுக்கு இன்னொரு 90,000 யென். இதை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நாயின் நினைவும் குணமும் வளர்வதே சோனியின் சர்வரை நம்பித்தான். சந்தா கட்டாதவர் வீட்டில் இருப்பது அரை நாய்.

உடல் வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. 2.2 கிலோ எடை, 22 அசைவு அச்சுகள், ஓஎல்இடி கண்கள். தலை, தாடை, முதுகு மூன்றிலும் தொடு சென்சார். மூக்கில் ஒரு கேமரா முகம் பார்க்க. வாலடியில் இன்னொன்று வீட்டின் வரைபடம் போட. அறை இருட்டானால் சார்ஜிங் மேடைக்கு வழி தெரியாமல் திணறும். இரண்டு மணி நேரம் ஓட, மூன்று மணி நேரம் சார்ஜ்.

சரி, உணர்ச்சி? அதன் அடித்தளத்தை 1999-இல் வந்த முதல் ஐபோவிலேயே பார்க்கலாம். மகிழ்ச்சி, சோகம், கோபம், வியப்பு, பயம், வெறுப்பு என ஆறு உணர்ச்சிகள். பாசம், தேடல், அசைவு, சார்ஜ் என நான்கு உந்துதல்கள். எல்லாம் ஏறி இறங்கும் எண்கள்தான். எது மேலோங்குகிறதோ, செயல் அதன்படி. மகிழ்ந்தால் கண் விளக்கு பச்சை, கோபித்தால் சிவப்பு. தலை சென்சாரைச் சட்டென்று தட்டினால் அது திட்டு. சில நொடி அழுத்திப் பிடித்தால் பாராட்டு. நிஜ நாயைத் தட்டிக்கொடுப்பதுபோல் பிள்ளைகள் தட்டினால், நல்ல பழக்கத்துக்கே திட்டு விழும். அந்தப் பழக்கம் குறைந்துகொண்டே போகும்.

இது விளையாட்டுக்காகச் சேர்த்த அலங்காரம் அல்ல. 1967-இலேயே செயற்கை நுண்ணறிவு முன்னோடி ஹெர்பர்ட் சைமன், உணர்ச்சி என்பது நடக்கும் வேலையை நிறுத்தி அவசரமான வேலைக்கு வழிவிடும் குறுக்கீடு என்று எழுதினார். செயற்கை நுண்ணறிவு என்றால் சதுரங்கமும் கணிதத் தேற்ற நிரூபணமும் என்றிருந்த காலம் அது. இன்றைய ஐபோ பந்தைப் பாதியில் விட்டுவிட்டு சார்ஜ் ஏற்றக் கிளம்புவதைப் பாருங்கள், சைமன் சொன்னது புரியும். அது சோர்ந்துவிட்டது என்று பரிதாபப்படுவது நம் பங்கு. என் கணிப்பில் விலையில் பெரும்பகுதி அதற்குத்தான்.

அந்தப் பரிதாபத்துக்கு ஆயுள் அதிகம், உதிரிபாகத்துக்குக் குறைவு. 2006-இல் பழைய ஐபோ வரிசையின் உற்பத்தியை நிறுத்திய சோனி, 2014-இல் அவற்றுக்குப் பழுதுபார்ப்பதையும் நிறுத்தியது. முன்னாள் சோனி பொறியாளர்களின் ஏ-ஃபன் நிறுவனம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. சீபா மாகாணம் இசுமியிலுள்ள கோஃபுகுஜி கோயிலில் செயலிழந்த ஐபோக்களுக்கு இறுதிச் சடங்கு நடத்தி, பிறகு அவற்றின் பாகங்களைக் கழற்றி மற்றவற்றுக்குப் பொருத்துகிறார்கள்.

பழைய ஐபோ மாடலான இஆர்எஸ்-210 கிடைக்கிறதென்றால் முதலில் கழுத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் கிளட்ச் தேய்ந்து வழுக்கும்; தலை தொங்கிவிடும். கேமரா மூக்கில் இருப்பதால் அப்புறம் அதற்குத் தரைதான் தெரியும், அது விளையாடும் இளஞ்சிவப்புப் பந்து கண்ணில் படாது. இயக்கிவைத்துத் தலை நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.