தெருக்குழுவில் சாவுக்கு எவ்வளவு இடம்?

குடியாத்தத்தில் இருக்கும் நண்பர், தங்கள் தெருவுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறார். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருக்குழுவில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். குடிநீர் வராத நாளுக்கும், மின்தடைக்கும், கொசுமருந்து வண்டிக்கும் இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது, எந்த வழியில் போகலாம் என்பதைக் குழுவில் பார்த்துக்கொண்டுதான் வெளியே இறங்கினோம். அந்த வகையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் மனத்தாங்கல் வேறு. தெருவில் ஒருவர் தவறிவிட்டால், பெயர், வீட்டு எண், மாலை எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற விவரம் உடனே வந்துவிடுகிறது. அதன் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுகின்றன. காரியம் முடிந்த பிறகு அந்தச் சாவைப் பற்றி யாராவது நாலு வார்த்தை எழுதினால் மட்டும், 'தெருவின் பொது விஷயங்களை மட்டும் பதிவிடவும்' என்று அட்மினிடமிருந்து அறிவிப்பு வருகிறது. அண்மையில் கணவரை இழந்த ஓர் அம்மா, ஃபிரிட்ஜ் கதவில் அவருடைய இன்சுலின் பேனா பாதி மருந்தோடு அப்படியே இருப்பதாகவும், அதை எடுத்துப் போட மனம் வரவில்லை என்றும் விடியற்காலையில் எழுதியிருந்தார். அதைப் படித்த பக்கத்து வீட்டுப் பெண்கள், தங்கள் வீட்டில் இப்படி மீந்துபோன மூக்குக் கண்ணாடியையும், பிரித்த மாத்திரை அட்டையையும், வாசலிலேயே கிடந்த செருப்பையும் பற்றி எழுதத் தொடங்கினார்கள். இத்தனை ஆண்டுகளில் அந்தக் குழுவில் நான் வாசித்த உருப்படியான பேச்சு அதுதான். ஏழு மணிக்குள் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாவும் தாம் எழுதியதை அழித்துவிட்டார்.

அட்மின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் தெருவில் சிகிச்சைக்காக வெளிமாநிலங்களிலிருந்து வந்து வாடகைக்குத் தங்கியிருப்பவர்களும், வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவரை வைத்திருப்பவர்களும் உண்டு. கைப்பேசியைத் திறந்ததும் சாவுப் பேச்சு கண்ணில் படுவது அவர்களுக்குக் கலக்கம்தான். ஆனால் இது வேலூர். திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவத்தில் இறந்துபோன மூன்று பெண்களை மறக்க முடியாமல் மருத்துவம் படித்துத் திரும்பிய ஐடா ஸ்கடர், 1900இல் இங்கே தொடங்கிய சிறு மருத்துவப் பணியிலிருந்து வளர்ந்ததுதான் சி.எம்.சி. மருத்துவமனை. ஒரு சாவை மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டே இருந்ததால் இத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும்போது, அந்த நினைப்பு தெருவுக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. செய்திகள் தாமாக மறைவதற்கு 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் குழுவில் 90 நாள் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் லாரி பற்றிய செய்தி மறைந்தால் நல்லதுதான். போனவரைப் பற்றி எழுதியதும் அதே கணக்கில் போய்விடுவதால், தலைத்திவசத்துக்குள் ஒரு வரிகூட மிஞ்சுவதில்லை. குறிப்பிட்ட செய்தியை மட்டும் மறையாமல் நிறுத்தும் வசதி இருக்கிறது. எங்கள் தெருவில் அதை யாரும் தொடுவதில்லை.

இவ்வளவு பயனுள்ளது என்று சொன்ன பிறகும், இந்த மாதம் என்னைக் கேட்டால் வேண்டாம் என்றே சொல்வேன். தொடங்கியே தீருவீர்கள் என்றால், மறையும் நேரத்தை முதல் நாளே அணைத்துவிடுங்கள். துக்க வீட்டில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பேசக்கூடிய ஒருவரை அட்மினாகப் போடுங்கள்.