நேராக பி.இ.யா, டிப்ளமோ வழியாக பி.இ.யா?

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால், காயில் கட்ட மோட்டாரைக் கொண்டுவருபவர்களில் இரண்டு மூன்று பேராவது பிள்ளையின் மார்க் ஷீட் ஜெராக்ஸையும் கூடவே எடுத்து வருகிறார்கள். "அண்ணா, உங்க பையனுக்குதான் கவுன்சிலிங்லயே சீட் கிடைச்சுதே, அப்புறம் எதுக்கு பாலிடெக்னிக்ல போட்டீங்க?" கோவைப் பக்கம் சூலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்து இருபது வருடமாகிறது. இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதுபோல வேறு எதற்கும் நான் இவ்வளவு நேரம் செலவழித்ததில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

என் மகன் 2022-ல் பிளஸ் டூ முடித்தான். கட் ஆஃப் 200-க்கு 121. அந்த மார்க்குக்கு அரசுப் பொறியியல் கல்லூரியை நினைத்தே பார்க்க முடியாது. தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைக்கும், நாலு வருடத்தில் பி.இ. இது ஒரு வழி. பிளஸ் டூவில் கணக்கும் அறிவியலும் எடுத்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு வருடத்தில் டிப்ளமோ கையில் வந்துவிடும். அதைக் காட்டி பி.இ.யில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்தால் இன்னும் மூன்று வருடம். இது இன்னொரு வழி. நாங்கள் போனது இந்த இரண்டாவது வழியில்தான்.

ஃபீஸ் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரசு பாலிடெக்னிக்கில் ஒரு வருடத்துக்குக் கட்டியது, நாங்கள் விசாரித்த கல்லூரியின் ஒரு மாத பஸ் ஃபீஸை ஒட்டித்தான் இருந்தது. வருடக் கணக்கில் டிப்ளமோ வழிக்கு ஒரு வருடம் கூடுதல். அந்த ஒரு வருடம் நஷ்டம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பத்தாவது முடித்ததுமே பாலிடெக்னிக் போகிற பிள்ளைக்கு அந்த நஷ்டமும் கிடையாது. மூன்றும் மூன்றும் ஆறு, பிளஸ் டூ இரண்டும் பி.இ. நாலும் ஆறு. இது தெரியாமலேயே பல வீடுகளில் பத்தாவதிலிருந்து யோசிக்காமல் பிளஸ் ஒன்னில் சேர்த்துவிடுகிறார்கள். நானும் அப்படிச் செய்தவன்தான். கல்யாணத்திலும் காதுகுத்திலும் "பையன் எங்கே படிக்கிறான்" என்று கேட்டால் பாலிடெக்னிக் என்று சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகம் மாறும். முதல் ஆறு மாதம் என் மனைவிக்கு அது உறுத்தியது, பிறகு பழகிவிட்டது.

எங்களை முடிவெடுக்க வைத்தது இதில் எதுவுமில்லை. பாதியில் நிற்க வேண்டி வந்தால் பிள்ளையின் கையில் என்ன இருக்கும் என்பதுதான்.

அண்ணன் மகன் 2016-ல் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. சேர்ந்தான். நல்ல பையன், சோம்பேறி கிடையாது. முதல் செமஸ்டரில் கணக்கில் ஃபெயிலாகி அரியர் விழுந்தது. அடுத்த செமஸ்டரில் அதுவும் சேர்ந்து மூன்றானது. அரியர் என்பது கந்து வட்டி மாதிரி. பழையதை எழுதப் படித்தால் புதியது போகும், புதியதைப் படித்தால் பழையது நிற்கும். மூன்றாம் வருடம் முடியும்போது பதினாலு பேப்பர் பாக்கி. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவன், இனி போக மாட்டேன் என்று அழுதுவிட்டான். அதற்குள் அண்ணன் மூன்று லட்சத்துக்குப் பக்கமாகச் செலவழித்திருந்தார், பாதி வங்கிக் கடன். சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்டபோது, நாலாம் வருட ஃபீஸையும் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு மாணவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2018-லேயே சொல்லியிருக்கிறது. எங்களுக்கு அப்போது அது தெரியாது. அண்ணி நகையை வைத்துக் கட்டி வாங்கினோம். வாங்கிய கவரைப் பிரித்துப் பார்த்தால், பத்தாவது மார்க் ஷீட், பிளஸ் டூ மார்க் ஷீட், டிசி. மூன்று வருடம் படித்ததற்கு அடையாளமாக அந்தக் கவரில் ஒரு காகிதம்கூட இல்லை.

கோவையிலிருந்து நடுவில் எங்கும் நிற்காமல் சேலம் போகிற ஒன் டு ஒன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சேலம் வரை போகிறவனுக்கு அதைவிட நல்ல பஸ் கிடையாது. பெருந்துறையில் வயிற்றைப் பிசைந்தால்தான் கஷ்டம். என் மகனுக்கும் கணக்கு கொஞ்சம் மந்தம். அண்ணன் வீட்டைப் பார்த்த பிறகு அவனை அந்த பஸ்ஸில் ஏற்ற எனக்குத் துணிச்சல் வரவில்லை.

டிப்ளமோ வழியில் இரண்டாவது வருடக் கடைசியில் ஒரு நிறுத்தம் இருக்கிறது. அங்கே இறங்கினாலும் கையில் ஒரு படிப்பு இருக்கும். ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினியர் தேர்வை டிப்ளமோ வைத்து எழுதலாம். சிவில் படித்தவர்களுக்கு டிஎன்பிஎஸ்சியில் வரைவாளர் வேலை, எலக்ட்ரிக்கல் படித்தவர்களுக்கு மின்வாரியத்தில் டெக்னிக்கல் அசிஸ்டெண்ட் வேலை என்று வரும். திருச்சி பெல் (பி.எச்.இ.எல்.) போன்ற இடங்களில் உதவித்தொகையோடு ஒரு வருட அப்ரண்டிஸ் இருக்கிறது. கோவையில் பம்ப் கம்பெனிகளுக்கும் வார்ப்படத் தொழிற்சாலைகளுக்கும் டிப்ளமோ பையன்கள் எப்போதும் வேண்டும். மகனோடு படித்தவர்களில் நாலு பேர் அங்கேயே இறங்கிக்கொண்டார்கள். ஆரம்பச் சம்பளம் பதினாலு, பதினைந்தாயிரம்தான். பெரிய தொகை இல்லை, ஆனால் நாலு பேருக்கும் கடன் கிடையாது.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. லேத்தில் நின்று ஸ்டெப் டர்னிங், திரெட் கட்டிங் என்று கையால் செய்து பார்த்ததும் புத்தகம் அவனுக்குப் பிடிபட ஆரம்பித்துவிட்டது. பிளஸ் டூவில் 121 எடுத்தவன் டிப்ளமோவில் 89 சதவீதம் எடுத்தான். 2024-ல் நேரடி இரண்டாம் ஆண்டுக் கலந்தாய்வில் அரசுப் பொறியியல் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. அந்தக் கலந்தாய்வில் பார்ப்பது டிப்ளமோ மார்க்கைத்தான், பிளஸ் டூ கட் ஆஃபை அல்ல. ஒருமுறை சறுக்கிய பிள்ளைக்கு இது இரண்டாவது வாய்ப்பு.

சரி, இந்த வழியில் கஷ்டமே இல்லையா என்றால், இருக்கிறது. பி.இ. முதல் வருடக் கணக்கைப் படிக்காமல் நேராக மூன்றாம் செமஸ்டருக்குள் நுழைகிறார்கள். அங்கே வரும் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் என்ற கணக்குப் பேப்பரில் மகன் திணறிப்போனான். அவனுக்கு விழுந்த ஒரே அரியர் அதுதான், ட்யூஷன் வைத்து எடுத்தான். இந்த வழியில் போவதாக இருந்தால் டிப்ளமோ முடிந்த அந்தக் கோடை விடுமுறையை வீணாக்காமல் கணக்குக்கு ஒதுக்குங்கள். டிப்ளமோவோடு நின்றுவிட்டால் குரூப் ஒன், குரூப் டூ, வங்கி அதிகாரி என்று டிகிரி கேட்கும் தேர்வுகள் எழுத முடியாது, அதையும் யோசிக்க வேண்டும். நான் சொல்வது முழுக்க மெக்கானிக்கலைப் பார்த்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து ஐடி கம்பெனிக்குத்தான் போக வேண்டும் என்றிருக்கும் பிள்ளைக்கு இதே கணக்கு சரிவருமா என்பதை அந்தத் துறையில் இருக்கும் ஒருவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டு வீடுகளுக்கு நானே நேராக பி.இ.தான் சொல்வேன். ஒன்று, கட் ஆஃப் 170, 180 என்று வைத்துக்கொண்டு கணக்கில் தெம்பாக இருக்கும் பிள்ளை. அதை எதற்குச் சுற்றிவிட வேண்டும்? இன்னொன்று, ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை. 2021-ல் கொண்டுவந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அதற்கு மேல் மாதம் ஆயிரம் ரூபாய், பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில். கடன் பயமே இல்லாதபோது என் வாதத்தில் பாதி விழுந்துவிடுகிறது. என் மகனை எட்டாவது வரை மெட்ரிக் பள்ளியில் படிக்க வைத்ததால் எங்களுக்கு அது கிடைக்கவில்லை.

கடன் வாங்கித்தான் படிக்க வைக்க வேண்டும் என்றால் ஒரு விஷயம். நாலு லட்சம் வரை கல்விக் கடனுக்கு அடமானம் தேவையில்லை, படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணையும் கட்ட வேண்டாம். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். பிள்ளை பாதியில் நின்றாலும் ஓடும். அண்ணன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

பாலிடெக்னிக் நேரடி இரண்டாம் ஆண்டு விண்ணப்பமும் பொறியியல் கவுன்சிலிங் பதிவும் ரிசல்ட்டை ஒட்டி ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் நடக்கும். ஒன்றுக்குப் போட்டால் இன்னொன்றுக்குப் போடக் கூடாது என்று எதுவும் இல்லை. நாங்கள் இரண்டுக்கும் போட்டோம், இரண்டு அட்மிஷன் கடிதத்தையும் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு மகனிடமே கேட்டோம். "பாலிடெக்னிக்ல ஒர்க்‌ஷாப் இருக்காமேப்பா" என்றான்.