ரொட்டியா, சோறா, கிழங்கா? நாலு வாரம் சமைச்சுப் பாத்த கணக்கு

வீட்டுக்காரி குவைத் போயி எட்டு மாசம், அடுப்படி என் கைக்கு வந்தும் அதே எட்டு மாசம். மொத ரெண்டு மாசம் கடைக் கொப்பியில என்ன எழுதுறாங்கன்னே பாக்கல, மாசக் கடைசியில கூட்டிப் பாத்தா தலை சுத்திருச்சு. அவ அனுப்புற சல்லி ஏஜென்சிக்கு வாங்குன கடனுக்கும் நகை மீட்கவும் போயிரும், என் ஆட்டோ ஓட்டத்தையும், இங்க இலங்கை மலையகத்துல தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்குற அம்மாவோட செக்ரோல் சம்பளத்தையும் வச்சுதான் அஞ்சு வயிறு ஓடணும். அம்மா, அம்மாவோட அப்பா அதாவது எங்க தாத்தா, பதினாலு வயசு மகள், எட்டு வயசு மகன், நான்.

அம்மாகிட்ட கேட்டா "ரொட்டி சுடுடா, அதவிட மலிவு என்ன இருக்கு" அப்படிங்கும். வீட்டுக்காரி வாட்ஸ்அப்புல வாய்ஸ் போட்டு "சோறும் பருப்பும் ஆக்குங்க, பிள்ளைங்க காஞ்சு போயிருவாங்க"ம்பா, அடுத்த நாளே "கிழங்கு, கடலை அவிச்சு குடுங்க, எங்க ஊர்ல அப்பிடித்தான்"ம்பா, அவ பசறை பக்கம். ரெண்டு பேர் பேச்சையும் கேட்டு கேட்டு சலிச்சுப் போயி, சரி ஒவ்வொண்ணையும் ஒரு வாரம் ஆக்கிப் பாத்துருவோம்னு ஒரு கொப்பி வாங்கி எழுத ஆரம்பிச்சேன். இது 2025 பங்குனி கணக்கு. நாட்டரிசி கிலோ 230 (அரசாங்கம் 2024 டிசம்பர்ல போட்ட கட்டுப்பாட்டு விலை, அந்த விலைக்கு அரிசி தேடி நாலு கடை ஏறி எறங்குனது வேற கதை), கோதும மா 190, பருப்பு 290, முட்டை ஒண்ணு 35, தேங்கா ஒண்ணு 200. தேயிலை, சீனி, பால்மா இதெல்லாம் எப்பிடி சமைச்சாலும் போற செலவு, அதனால சேக்கல.

மொத வாரம் ரொட்டி. காலையில ரொட்டி, அம்மா மலைக்கு கொண்டு போறதும் ரொட்டி, ராத்திரியும் ரொட்டி, ஞாயித்துக்கெழமை மட்டும் சோறு. நாளைக்கு ஒண்ணரை கிலோ மாவு, வாரத்துக்கு ஒம்போது கிலோ, 1,710 ரூவா. அட, மலிவுதான்னு நெனச்சேன். அப்புறம் தேங்காயை எண்ணுனேன். ரொட்டிக்குள்ள போடுறது அரைத் தேங்கா, சம்பலுக்கு ஒரு முழுத் தேங்கா, ஆக நாளைக்கு ஒண்ணரை, ஞாயித்துக்கெழமை சோத்துக்கு ஒண்ணு, வாரத்துக்கு பத்து தேங்கா. 2,000 ரூவா! மாவவிட தேங்காக்கு கூட போயிருக்கு. இத்தன வருசமா "மாவு மலிவு, மாவு மலிவு"ன்னு சொல்லிக்கிட்டிருந்தோமே, ரொட்டிக்கு பக்கத்துல என்ன வைக்கிறோம்னு யாருமே பாக்கல. நெத்தலி, வெங்காயம், மொளகாத்தூள், எண்ணெ, நடுவுல ஒருநாள் பருப்பு எல்லாம் சேத்து 4,600 சொச்சம் வந்துச்சு.

அதோட நின்னுச்சான்னா இல்ல. ரொட்டி தின்ன பிள்ளைங்களுக்கு சாயந்தரம் நாலு மணிக்கு பசிக்குது. ஸ்கூல் விட்டு வந்ததும் லயத்துக் கடைக்கு (லயம்னா தோட்டத்து வரிசை வீடுங்க) ஓடி பிஸ்கட், மாலுபனிஸ், கடலைப் பாக்கெட்டுன்னு வாங்கி கொப்பியில எழுதிட்டு வந்திருக்காங்க, எனக்கு தெரியாது. வாரக் கடைசியில கடைக்காரர் காட்டுனப்ப 780 ரூவா. அதையும் போட்டா ரொட்டி வாரம் 5,400ஐ தொட்டுருச்சு. ரொட்டிய கொறை சொன்னதா அம்மா நெனச்சுக்கிட்டு ரெண்டு நாள் சரியா பேசல, அதையும் எழுதிக்கிறேன்.

ஏன் இந்த ரொட்டிப் பிடிப்புன்னு தாத்தாகிட்ட கேட்டேன். தோட்டத்துல அந்தக் காலத்துல அரிசிதான் பங்கீடா குடுத்தாங்களாம், யுத்தத்துல 1942ல பர்மாவ ஜப்பான்காரன் புடிச்சதும் பர்மா அரிசி வரத்து நின்னு போச்சு, அந்த சமயத்துலதான் அரிசிக்கு பதிலா மாவு நம்ம அடுப்புக்கு பழகுனிச்சுன்னு அவரோட அப்பா சொல்லுவாராம். அப்புறம் 74 பஞ்சத்துல அந்த மாவும் கெடைக்காம கீரையும் கிழங்கும் தின்னு கெடந்தத சொல்ல ஆரம்பிச்சா அவரு நிறுத்த மாட்டாரு. நான் பாத்த பஞ்சம் 2022. அந்த செப்டம்பர்ல சாப்பாட்டு சாமான் விலை முந்தின வருசத்தவிட கிட்டத்தட்ட 95 வீதம் கூடிருச்சுன்னு நியூஸ்ல சொன்னாங்க, எங்களுக்கு நியூஸ் தேவைப்படல, மாவுக்கே கியூவுல நின்னோம். "மாவு இருந்தா பயமில்ல"ங்கிற அம்மாவோட பேச்சு அந்த வருசம் ஒரு தடவ பொய்யாகிப் போச்சு.

ஆனா ரொட்டிக்கு ஒரு நியாயம் இருக்கு, அது ரூவாயில வராது. ஒருநாள் அம்மா கொழுந்து எடுக்குற மலைக்கு பக்கத்துல ஒரு ஹயர் கெடச்சது, சாப்பாட்டு நேரம். பாத்தேன். கூடைய எறக்கி வச்சிட்டு வாய்க்கால் தண்ணியில கையக் கழுவுது, கழுவுனாலும் வெரல்ல கொழுந்துக் கறை கருப்பாத்தான் இருக்கு, துணியில சுத்துன ரொட்டிய பிரிச்சு நடுவுல சம்பல வச்சு பீடி மாதிரி உருட்டி நாலு கடி, மேல போத்தல்ல இருந்த சாயத்தண்ணி, முடிஞ்சது. பத்து நிமிசம்கூட ஆகல. பறிச்ச கொழுந்து நெறை கொறஞ்சா அரைப்பேரு, அதாவது அரை நாள் சம்பளம்தான் போடுவாங்க, அதனால யாரும் ஆற அமர உக்காந்து சோறு பெசையுறதில்ல. அதுவும் அந்தப் பனியில சோறு கொண்டு போனா வெறச்சு கல்லாட்டம் கெடக்கும்.

ரெண்டாவது வாரம் சோறு. அரிசி பத்து கிலோ 2,300. பருப்பு நாளைக்கு கால் கிலோ, வாரத்துக்கு 510. தேங்கா நாலுதான் போச்சு, 800. மரக்கறி 900, முட்டை பத்து 350, நெத்தலி 300, எண்ணெ தூள் 400. மொத்தம் 5,560. ரொட்டியவிட ஆயிரம் கூடன்னு அம்மா சொல்ல வந்துச்சு, நான் பிஸ்கட் கணக்க காட்டுனேன். இந்த வாரம் லயத்துக் கடையில பிள்ளைங்க பேருல 90 ரூவாதான் எழுதியிருக்கு. அப்ப வித்தியாசம் எரநூத்தம்பது ரூவா சொச்சம்தான்.

இங்க பருப்பப் பத்தி கொஞ்சம் சொல்லியாகணும். நூறு கிராம் பருப்புல கிட்டத்தட்ட 24 கிராம் புரதம், அப்ப கால் கிலோவுல 60 கிராம். ஒரு முட்டையில 6 கிராம்னு வச்சா பத்து முட்டைக்கு சமம். கால் கிலோ பருப்பு 73 ரூவா, பத்து முட்டை 350. முட்டை வாணாம்னு சொல்லல, முட்டையில இருக்கற சிலது பருப்புல இல்ல, ஆனா நாளாந்தம் அஞ்சு பேருக்கு முட்டை வாங்குற நெலமையில நான் இல்ல. மரக்கறிக்கு மட்டும் நாம குடுத்து வச்சவங்க, கொழும்புல காசு குடுத்து வாங்குற லீக்ஸ், கெரட், கோவா, போஞ்சி எல்லாம் நம்ம மலையில இருந்துதான் போகுது, ஞாயித்துக்கெழமை சந்தையில பொழுது சாயுற நேரத்துக்கு போனா யாவாரிங்க திரும்ப ஏத்திட்டு போக மனசில்லாம கொறச்சு போட்டுட்டு போவாங்க. லீக்ஸ்ல பச்சைத் தழைய வெட்டி வீசுற பழக்கம் எங்கூட்லயும் இருந்துச்சு, அதப் பொடியா நறுக்கி பருப்புல போட்டா ஒரு கறி மிச்சம்.

சோத்து வாரத்துல தோத்தது காலச் சாப்பாடு. பழஞ்சோறு ஊத்தி வச்சா இந்தக் குளிருக்கு புளிக்கவே மாட்டேங்குது, வெறும் சில்லுன்னு கெடக்குது, மகன் வாயில வைக்கல. தாளிச்சு குடுத்தேன், மூணாம் நாள் "இன்னிக்கும் தாளிச்ச சோறா"ன்னு மகள் தட்ட தள்ளுனா. தோசைக்கு அரைச்சாலும் இதே கததான், மாவு சட்டிய அடுப்புக்கு பக்கத்துல வச்சு சாக்க போத்தி ரெண்டு ராத்திரி காவல் காக்கணும்.

மூணாவது வாரம் வீட்டுக்காரி சொன்னது, கடலை, பாசிப்பயறு, மரவள்ளி, உருளைக்கெழங்கு. இத நீட்ட வேண்டியதில்ல, தோல்வி. பசறையில முத்தத்துல பலா நிக்கும், மரவள்ளி வேலியோரம் நிக்கும். எங்க தோட்டம் 1,300 மீட்டருக்கு மேல, இங்க ஈரப்பலாக்கா காய்க்காது, கீழ கினிகத்தேனை பக்கமிருந்து லொறியில ஏறி வந்தாதான், அதுக்கு லொறிக்காரரு காசும் சேரும். பயறு வெலைய கேட்டுட்டு கால் கிலோவோட நிறுத்திக்கிட்டேன். எல்லாம் சேத்து 6,100 ஓடிருச்சு, அதுலயும் ராத்திரிக்கு தாத்தா "சோறு இல்லையா"ன்னு கேட்டாரு.

ஆனா ஒரு விசயம் கத்துக்கிட்டேன். மொதநாள் ராத்திரி ஊற வச்ச கடலைய சாதாரண சட்டியில போட்டு ரெண்டு மணித்தியாலம் அவிச்சேன், அப்பவும் பல்லுல கடகடங்குது. கடைக்காரர் பழைய கடலைய தள்ளிட்டாருன்னு நெனச்சு கோவத்துல போனேன், அவரு மேல தப்பில்ல. மேல போகப் போக தண்ணி கொதிக்கிற சூடு கொறையும், கடற்கரையில 100 பாகையில கொதிக்கிற தண்ணி எங்ககிட்ட 96லயே கொதிச்சிரும், நுவரெலியாவுல 94. எவ்வளவு வெறகு வச்சாலும் தெறந்த சட்டியில அதுக்கு மேல சூடு ஏறாது. லயத்துல பக்கத்துக் காம்பரா அக்கா பிரஷர் குக்கர் எரவல் குடுத்தாங்க, அஞ்சு விசில்ல பூவாட்டம் வெந்துருச்சு. கேஸ்ல சமைக்கிறவங்க கடலை, பயறு ஆக்கணும்னா மொத குக்கர் வாங்கிட்டு அப்புறம் பேசணும், இல்லாட்டி பயறுல மிச்சம் புடிச்சத கேஸ் சிலிண்டர் தின்னுரும். நாங்க கவ்வாத்து வெட்டுன மலையில மிலாறு, அதாவது வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி, பொறுக்கிட்டு வந்து எரிக்கிறோம், அதனால தப்புனோம், புகைக்குத்தான் கண்ணு போகுது.

கடைப் பாண் (பிரெட்) பத்தி சிலபேரு கேப்பீங்க. ஒரு நேரத்துக்கு எங்களுக்கு ரெண்டு றாத்தல் வேணும், தின்ன ஒரு மணித்தியாலத்துல பசிக்கும். முடிஞ்சது.

நாலாவது வாரம் நானா போட்ட கலவை, இதுக்கு வழி காட்டுனது அந்தப் பாழாப்போன தேங்காதான். ராத்திரி சோத்துக்கு பருப்பு ஆக்குறப்ப ஒரு தேங்காய துருவி பால் புழியுறோம்ல, புழிஞ்ச சக்கைய முந்தியெல்லாம் கோழிக்கு போட்டுருவேன். அத வீசாம கோப்பையில மூடி வச்சு விடியக்கால ரொட்டி மாவுல கலந்தேன். கீழ ஊர்ல சக்கை ஒரு ராத்திரியில புளிச்சிரும், இங்க பிரிஜ்ஜே தேவையில்ல, ஜன்னல் திட்டே பிரிஜ்ஜு. மாவ சுடுதண்ணி ஊத்தி பெசஞ்சா ரொட்டி மெதுவா வருது. ருசி? பால் போன தேங்கா கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கும், உப்பு ஒரு சிட்டிகை கூட போட்டு, பெரிய வெங்காயம் ஒண்ணு அரிஞ்சு போட்டா வித்தியாசம் தெரியாது. தேங்கா சம்பலுக்கு பதிலா கட்டச்சம்பல், வெங்காயம், மொளகா, உப்பு, தேசிக்கா, மாசிக் கருவாடு போட வசதியில்லாட்டி நாலு நெத்தலிய சுட்டு இடிச்சுப் போடலாம். மொத நாள் தேங்காயே போடாம சுட்டுப் பாத்தேன், மத்தியானத்துக்குள்ள செருப்பு வார் மாதிரி ஆயிருச்சுன்னு அம்மா திருப்பிக் கொண்டு வந்து காட்டுச்சு. சக்கை போட்டா அப்பிடி இழுக்கல.

ஆக காலையிலயும் மலைக்கும் ரொட்டி, ராத்திரிக்கு சோறு, பருப்பு, ஒரு மரக்கறி. வாரத்துல ரெண்டு நாள் முட்டை. மாவு அஞ்சு கிலோ, அரிசி ஆறு கிலோ, தேங்கா நாலே நாலு. தேங்கா ஒடைக்காத நாள்ல பருப்ப பால் இல்லாம தாளிச்சிருவேன், மறுநாள் ரொட்டிக்கு முந்தின சக்கையில ஒரு கைப்பிடி எடுத்து வச்சிருப்பேன். மொத்தம் 5,200க்கு கொஞ்சம் கொறைய. வெறும் ரொட்டிக் கணக்கோட வச்சுப் பாத்தா 550 ரூவா கூடதான், பிஸ்கட்டையும் சேத்துப் பாத்தா 200 ரூவா கொறவு. கொப்பியில நாலு வாரத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டுனேன், அம்மா கண்ணாடி போட்டு தேங்கா வரிய மட்டும் ரெண்டு தடவ பாத்துச்சு, ஒண்ணும் சொல்லல.

மிச்சம் வந்த எரநூறுக்கு தேசிக்காயும் கீரையும் வாங்குறேன். கிளினிக்குல அம்மாவுக்கு ரத்தம் கொறவுன்னு சொல்லி, சாப்பாட்டோட சேத்து சாயத்தண்ணி குடிக்காதீங்க, ஒரு மணித்தியாலம் கழிச்சு குடிங்க, தேயிலை இரும்புச் சத்த ஒடம்புல சேர விடாதுன்னு சொல்லி அனுப்புனாங்க. தேயிலையப் பறிக்கிறவங்ககிட்ட போயி தேயிலை குடிக்காதேன்னு சொன்னா எப்பிடி இருக்கும்? அது கேக்காது. அதனால ராத்திரி கீரையில தேசிக்கா புழிஞ்சு விடுறேன், அந்தப் புளிப்பு இரும்பு சேர உதவுமாம், சாயத்தண்ணிய மட்டும் சட்டி கழுவி முடிச்சுட்டுத்தான் ஊத்துவேன், அடுப்பு என் கையிலதானே இருக்கு.

நேத்து ராத்திரி இதையெல்லாம் வாய்ஸ்ல அனுப்புனேன். "கிழங்கு வாரத்த ஒழுங்கா செஞ்சிருக்க மாட்டீங்க"ன்னு பதில் வந்துச்சு. காலையில நாலரைக்கு எழும்பி ரொட்டிக்கு மாவக் கொட்டி ஜன்னல் திட்டுல கோப்பைய எடுத்தா வெத்துக் கோப்பை, பக்கத்துல சீனி சிந்திக் கெடக்குது. சக்கையில சீனி போட்டு தின்னுட்டு மகன் போர்வைய தலையோட இழுத்துப் போத்திக்கிட்டு படுத்திருக்கான். இருநூறு ரூவா தேங்காய எடுத்து ஒடச்சேன்.